ஊர் திரும்பும் பெண் அதிகாரி: கதைக்களம் சேலமா, ஏற்காடா?

சொந்த ஊருக்குத் திரும்பும் பெண் காவல் அதிகாரியை வைத்து துப்பறியும் கதை எழுதுகிறீர்களா? அங்கே நடக்கும் கொலைகளைத் துலக்க வரும் அந்த நாயகியை சிபிசிஐடி (மாநிலக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு) ஆய்வாளர் ஆக்குங்கள். மாநிலம் முழுக்க விசாரிக்கலாம்; ஊருக்குள் அவரைக் கொண்டுவர வழக்கு மாற்ற உத்தரவு ஒன்று போதும்.

சேலம் நகரம் என்றால் காவல்துறைக்குத் தலைமை மாநகரக் காவல் ஆணையர். ஏற்காடு என்றால் மாவட்டக் கண்காணிப்பாளர். இரண்டையும் குழப்பினால் முதல் அத்தியாயமே சறுக்கிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள், லீ பஜார் மண்டிகள், கண்காணிப்பு கேமராக்கள் என்று நகரத்தில் துப்பு குவியும்; சலித்தெடுப்பதே கதை. நாலைந்து கொலைகளைத் தாங்கும் களம். ஆனால் கூட்டத்தில் 'நம்ம ஊரு' என்ற நெருக்கம் நீர்த்துப்போகும்.

அந்த நெருக்கம் ஏற்காட்டில் தானாகவே கிடைக்கிறது. காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் தோட்டத்துக்குள் புதுமுகங்கள் வருவதும் இயல்பு. சுமார் 1,500 மீட்டர் உயரக் குளிரில் இறந்தவரின் உடல் சீக்கிரம் சூடிழக்கும், பிண விறைப்பு தாமதமாகும். சமவெளிக் கணக்கில் உடல் வெப்பத்தை மட்டும் பார்த்தால், இறந்த நேரம் உண்மையைவிட முந்தியதாகத் தோன்றும். கொலையாளி தப்ப அருமையான இடைவெளி இது! சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்ததும் ஊரே துண்டானதாக மட்டும் எழுதாதீர்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு.

ஒரே கொலை, ஆழமான பகை என்றால் ஏற்காடுதான்.

எங்கே நடந்தாலும், 1.7.2024 முதல் நடக்கும் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 302 அல்ல, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் பிரிவு 103.