வேளாங்கண்ணிக்குப் போக டூர் பஸ்ஸா, பங்கு பஸ்ஸா, சொந்த ஏற்பாடா?

ஜூலை பிறந்துவிட்டால் பெங்களூரில் சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன், விவேக்நகர், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் ஒரே பேச்சுதான். வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படிப் போவது என்பதில்தான் வீட்டுக்குள்ளேயே கட்சி பிரியும். டிராவல்ஸ்காரர் கைடு வைத்து நடத்தும் டூர் ஒரு கட்சி. நம் கோயில் பங்கில் அன்பியத்தார், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுவினர், ஆள் சேர்த்து எடுக்கும் பங்கு பஸ் இன்னொன்று. "எவனையும் நம்ப வேண்டாம், நாமே டிக்கெட் போட்டுப் போகலாம்" என்பது மூன்றாவது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் வீட்டு மாப்பிள்ளையாக இருப்பார்.

பஸ்ஸில் ஏசி உண்டா, சீட் சாயுமா, எத்தனை வேளை சாப்பாடு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதெல்லாம் அப்புறம். சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் போனால் பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 490 கி.மீ. போக ஒரு ராத்திரி, திரும்ப ஒரு ராத்திரி. நடுவில் வேளாங்கண்ணியில் நமக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது, அந்த நேரம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் நோட்டீஸில் தெரிவதைவிடப் பெரியது.

டூர் பஸ்

"வேளாங்கண்ணி – பூண்டி – நாகூர் – தஞ்சாவூர்" என்று நோட்டீஸில் நாலு ஊர் போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி திங்கள் விடிகாலை வந்து சேர்வதுதான் வழக்கமான கணக்கு. நாலு ஊருக்கு இரண்டு பகல். கேட்க லாபமாகத் தெரியும். ஆனால் எந்த ஊர் முதலில் என்பதைப் பொறுத்துப் பயணமே மாறிவிடும்.

சனிக்கிழமை காலையில் நேராக வேளாங்கண்ணிக்குப் போய் அறை எடுத்துக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவது ஒரு வகை. அன்று முழுப் பகலும் கையில் இருக்கும், மறுநாள் காலைத் திருப்பலியும் கிடைக்கும். திரும்பும் வழியில் பூண்டி மாதாவையும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலையும் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு வகையில், வழியில்தானே இருக்கிறது என்று முதல் நாளே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்பிப் பூண்டியைப் பார்த்து, தஞ்சாவூரில் மத்தியானத்தைக் கழித்து, இருட்டிய பிறகு வேளாங்கண்ணியில் இறக்கிவிடுவார்கள். மறுநாள் ஒரு பூசை, ஒரு மணி நேரம் கடைத்தெரு, அவ்வளவுதான், "எல்லாரும் பஸ்ஸுக்கு வாங்க". காசு இரண்டுக்கும் ஒன்றே. இரண்டாவது வகை டூரில் போன என் அத்தை மாதா குளத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தார். அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் தீரவில்லை.

கைடு விஷயத்துக்கு வருவோம். பாதி டூர்களில் கைடு என்று தனியாக யாரும் இருக்க மாட்டார். பஸ்ஸை எடுத்து நடத்துபவரே மைக்கைப் பிடித்துக்கொள்வார். ஆனால் நல்லவர் வாய்த்துவிட்டால், அவருக்காகவே டூரில் போகலாம். ஏன் என்று சொல்கிறேன்.

வேளாங்கண்ணியின் கதை மூன்று இடங்களில் பரந்து கிடக்கிறது. பால் கொண்டுபோன சிறுவனுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் இடம் மாதா குளம். மோர் விற்ற கால் ஊனமான பையன் எழுந்து நடந்ததாகச் சொல்லப்படுவது நடுத்திட்டு. புயலில் சிக்கிக் கரையேறிய போர்ச்சுகீசிய மாலுமிகள் எழுப்பிய ஆலயம்தான் வளர்ந்து இன்றைய பேராலயமாக நிற்கிறது. அவர்கள் கரை சேர்ந்த நாள் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். திருவிழா அந்த நாளில் முடிவது அதனால்தான். தனியாகப் போகிறவர்கள் பலர் பேராலயத்தோடு நின்றுவிடுகிறார்கள். வரிசைப்படி மூன்று இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகிற கைடு இருந்தால், ஊர் ஒரே கதையாகப் புரியும்.

பேராலயத்துக்குள்ளேயும் அப்படித்தான். பட்டுப் புடவை சாத்திய சொரூபத்தின் மேலேயே எல்லார் கண்ணும் நிற்கும். பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள், அதற்குள் வரிசை நகர்ந்துவிடும். பீடத்தில் பதித்திருக்கும் பழைய பீங்கான் தட்டுகளை யாராவது கைகாட்டினால்தான் கவனிப்போம். அந்த மாலுமிகள் நன்றிக் காணிக்கையாகக் கொடுத்தவை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. எத்தனையோ வருஷமாகப் போய் வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "தட்டா? எங்கே?" என்பார்கள்.

நல்ல கைடா என்று பார்க்க எனக்கு இரண்டு சோதனை உண்டு. காட்சிகள் நடந்தது இந்த வருஷம், இந்தத் தேதி என்று அடித்துச் சொல்கிறாரா, அல்லது எழுத்துச் சான்று இல்லை, 16, 17ஆம் நூற்றாண்டு காலத்தது என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருவது என்று ஒத்துக்கொள்கிறாரா? கோயில் தரப்பே இரண்டாவது விதமாகத்தான் சொல்கிறது. அடுத்தது சுனாமி. 2004 டிசம்பர் 26 அன்று அலை பேராலயத்தை ஒன்றும் செய்யவில்லை என்று பக்தியோடு சொல்வார்கள். சரி. அதே காலையில், கிறிஸ்துமஸ் முடித்துவிட்டு வந்திருந்த யாத்திரிகர்கள் அந்தக் கடற்கரையில்தான் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். நினைவிடமும் அங்கேயே இருக்கிறது. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு "பீச்சுக்கு அரை மணி நேரம்" என்று அனுப்பிவைக்கிற கைடை நான் நம்ப மாட்டேன். அந்தக் கடலில் இறங்கும்போது இன்றும் ஜாக்கிரதை வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பங்கு பஸ்

சொகுசு குறைவு, சத்தம் அதிகம். சில்க் போர்டு தாண்டுவதற்குள் ஜெபமாலை தொடங்கிவிடும், ஹோசூர் வருவதற்குள் பாட்டு. பின் சீட்டில் புளியோதரைப் பொட்டலம் பிரிகிற வாசனை வரும். முன் சீட்டில் யார் உட்காருவது என்று இரண்டு அன்பியத்துக்கு நடுவே ஒரு சின்ன வழக்கு ஓடும். இதெல்லாம் பிடிக்காதவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும்.

வெறும் கலகலப்பு மட்டுமில்லை. பங்குத்தந்தை கடிதமோ, கூட வருகிற சாமியாரோ இருந்தால் திருத்தல விடுதியில் தங்க இடம் கிடைப்பது கொஞ்சம் சுலபமாகும். முதல் நாள் முழுவதும் கோயிலில்தான் என்பதில் யாருக்கும் வேறு அபிப்பிராயம் இருக்காது. பாட்டிக்கு முட்டி வலித்தால் பஸ் காத்திருக்கும், ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த பாட்டி.

குறை என்னவென்றால், கணக்கும் கமிட்டியும். கிளம்பும் நேரம் ஒன்பது என்றால் பத்தரை. பத்து பேர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் மீதிப் பேர் தலையில் பணம் ஏறும். அப்புறம், நம் ஊர்ப் பங்குகளில் மொழியும் ஒரு விஷயம். தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் எடுத்த பஸ்ஸில் கொங்கணி பேசும் மருமகளும் மலையாள மாப்பிள்ளையும் கொஞ்சம் தனித்துத்தான் போவார்கள். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. அங்கே தமிழோடு ஆங்கிலம், மலையாளம், இந்தி, தெலுங்கு, கன்னடம், கொங்கணி என்று பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. எந்த மொழி எந்த நேரம் என்று போனதும் தகவல் பலகையைப் பார்த்துவிடுங்கள்.

சொந்த ஏற்பாடு

மடிவாளாவிலும் கலாசிப்பாளையத்திலும் ராத்திரி ஸ்லீப்பர் பஸ்கள் கிடைக்கும். ரயில் பிரியர்கள் மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக மயிலாடுதுறைப் பக்கம் போகும் ராத்திரி வண்டியில் ஏறி, விடியும்போது தஞ்சாவூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். இன்னும் ஏறக்குறைய 90 கி.மீ. போக வேண்டும். வேளாங்கண்ணிக்கே 2010இலிருந்து ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் பெங்களூரிலிருந்து போகிறவர்களுக்கு அதனால் பெரிய உபயோகமில்லை.

வேண்டுதல் வைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நேர்ச்சைக்கு நேரம் பிடிக்கும். பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவே ஒரு மணல் பாதை இருக்கிறது, ஓரத்தில் சிலுவைப்பாதை நிலைகள். அதில் முட்டிபோட்டுப் போகிறவர்களை ஒரு தடவை பார்த்தால், இதை டூர் அட்டவணைக்குள் திணிக்க முடியாது என்று புரிந்துவிடும். சேலையை முழங்காலுக்குக் கீழே மடித்துச் செருகிக்கொண்டு, இருபது அடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, மணலைத் தட்டிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். பக்கத்தில் மகனோ தங்கையோ தண்ணீர் பாட்டிலோடு நடப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் மணல் கொதிக்கும், அதனால் விடியலிலேயே முடித்துவிட வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி அங்கேயே தங்கியிருக்க வேண்டும், ஒன்பது மணிக்கு பஸ் கிளம்புகிறது என்கிற பயமும் இருக்கக் கூடாது. பிள்ளைக்கு முடி கொடுப்பதும் அப்படித்தான். அழுகிற குழந்தையை அவசரப்படுத்தினால் எல்லார் மனசும் கெட்டுப்போகும்.

காணிக்கை அருங்காட்சியகத்தையும் தனியாகப் போகும்போதுதான் நிதானமாகப் பார்க்க முடியும். குணமான உறுப்புகளின் வெள்ளி வடிவங்கள், தாலிகள், சின்னச் சின்ன வீட்டு மாதிரிகள், நன்றிக் கடிதங்கள். டூரில் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குவார்கள்.

செலவு என்று பார்த்தால் நாலு பேர் குடும்பத்துக்கு டூரை ஒட்டியே வரும், சில சமயம் கொஞ்சம் கூட. வயதானவர்களோடு போனால் ஆட்டோ, அறை, சாப்பாட்டுக் கடை என்று ஒவ்வொன்றுக்கும் நீங்களே அலைய வேண்டும். அந்த அலைச்சலில் ஜெபம் மறந்துபோவதும் உண்டு. கைடு இல்லாத குறையை முன்கூட்டியே கொஞ்சம் படித்துக்கொண்டு போனால் பாதி சரிக்கட்டலாம்.

நடந்து போகிறவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. காவி உடுத்தி, சப்பரத்தோடு நாள்கணக்கில் நடக்கிறவர்கள் எந்த பஸ் என்று கேட்க மாட்டார்கள்.

திருவிழா நாள்கள்

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 ராத்திரி பெரிய தேர் பவனி, 8ஆம் தேதி திருவிழாப் பூசை, அன்றே கொடியிறக்கம். டிராவல்ஸ்காரர்களின் நோட்டீஸ் அதிகம் வருவது இந்த நாள்களுக்குத்தான். வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்த நாள்களில் டூரில் போகாதீர்கள். பஸ்ஸை ஊருக்கு வெளியே தள்ளி நிறுத்திவிடுவார்கள், கைடு கொடியைத் தூக்கிப் பிடித்தாலும் கூட்டத்தில் தெரியாது, அறை என்று சொன்னது கூடமாக மாறியிருக்கும்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாமே குறைத்து மதிப்பிடுகிறோம். சிவாஜிநகர் பேராலயத்திலும் அதே ஆரோக்கிய மாதா, அதே ஆகஸ்ட் 29, அதே செப்டம்பர் 8. செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் வளர்த்த கோயில் அது. இப்போதைய கோதிக் கட்டடம் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது, 1974இல் பேராலயமாக, அதாவது பசிலிக்காவாக உயர்ந்தது. வேளாங்கண்ணி 1962இலேயே திருத்தந்தை 23ஆம் யோவான் காலத்தில் அந்த நிலையைப் பெற்றுவிட்டது. நவநாளில், அதாவது திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபத்தில், காவிச் சேலையும் தேர்ப் பவனியும் பார்க்க வேண்டுமானால் ரஸல் மார்க்கெட் பக்கமே போதும். திருவிழாவை இங்கே கும்பிட்டுவிட்டு, வேளாங்கண்ணிக்கு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ, அதுவும் வாரநாளில் போங்கள். அந்தக் கொடியேற்றத்தையே பார்ப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் என்றால் அது வேறு விஷயம். அவர்களும் டூரைவிடப் பங்கு பஸ்ஸில் போவதே மேல்.

ஆக, டூர் யாருக்கு? முதல் தடவை போகிறவர்களுக்கு, கூட அழைத்துப்போகப் பிள்ளைகள் இல்லாத பெரியவர்களுக்கு, மாதாவோடு தஞ்சாவூரையும் நாகூர் தர்காவையும் ஒரே மூச்சில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. அவர்களும் பணம் கட்டுவதற்கு முன் டிராவல்ஸ்காரரிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்: எந்த ஊர் முதலில், வேளாங்கண்ணியில் ராத்திரி தங்கல் உண்டா, ஞாயிறு காலை எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், மாதா குளத்துக்கும் நடுத்திட்டுக்கும் கைடு கூடவே வருவாரா. வாய்ப்பேச்சாக வேண்டாம், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

எதில் போனாலும் ஆள் உயர மெழுகுதிரியை இங்கிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டாம். கோயில் வாசலிலேயே எல்லா உயரத்திலும் விற்கிறார்கள். பஸ் டிக்கியில் ஒரு ராத்திரி கிடந்தால் அது வளைந்துதான் போய்ச் சேரும்.