ஓசூர் கம்பெனியா, ஊர்க்காரர் சந்தாவா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்பது: நன்கொடைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

தொகை: கம்பெனி ஒரே காசோலையில் வருடச் செலவையே தரலாம். சந்தா நூறு, இருநூறாகச் சேரும்.

வேலை: கம்பெனிக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற மத்திய அரசிடம் செய்யும் பதிவு), தணிக்கை அறிக்கை, திட்ட வரைவு வேண்டும். சந்தாவுக்கு ரசீதும் பொறுமையும் போதும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். கொடுத்தவருக்கு வரிச்சலுகை போய்விடும்.

நிலைப்பு: மேலாளர் மாறினால் கம்பெனிப் பணம் நிற்கலாம். சந்தாக்காரர் நாலு பேர் விலகினாலும் மையம் ஓடும்.

கூச்சம் இரண்டிலும் உண்டு. "பிச்சை கேக்குற மாதிரி இருக்குண்ணா" என்பார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு வீடுவீடாக வரி வசூலிக்கும்போது கூசுகிறோமா என்ன?

கட்டடம், கம்ப்யூட்டர் என்றால் ஓசூர் பஸ் ஏறுங்கள். ஆசிரியர் சம்பளத்துக்குச் சந்தாதான்.