வலித் தைலம் விற்க எது கைகொடுக்கிறது: பஸ் விளம்பரமா, மருந்துக்கடை ஸ்கீமா, பத்து மில்லி பாட்டிலா?

சேலத்தில் எங்கள் குடும்பம் ஒரு சிறிய சித்த மருந்துத் தயாரிப்பு நடத்துகிறது. உடல்வலித் தைலம்தான் பிரதானம். தயாரிப்பை அண்ணன் பார்க்கிறார், விற்பனை என் பொறுப்பு. விளம்பரத்துக்கு ஒதுக்க முடிகிற பணம் கொஞ்சம்தான். மூன்று வழிகளிலும் அதைப் போட்டுப் பார்த்தோம். இப்போது பெரும்பகுதி பத்து மில்லி பாட்டிலுக்கும், அதை ஆட்களுக்குத் தேய்த்துக் காட்டுவதற்கும்தான் போகிறது. இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் காரணத்தை எழுதுகிறேன்.

டிவி விளம்பரம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது, அதை விட்டுவிடலாம். எட்டுவது பஸ்ஸின் பின்பக்கம், சுவர் எழுத்து, உள்ளூர் கேபிள், பண்பலை. இவற்றால் பெயர் பரவுகிறது என்பது உண்மை. கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு தரும் ஸ்டாக்கிஸ்ட் கேட்கும் முதல் கேள்வியே "விளம்பரம் எங்கே போட்டிருக்கீங்க?" என்பதுதான். பஸ்ஸில் பெயரைப் பார்த்தவர் கொஞ்சம் மரியாதையோடு ஆர்டர் எடுக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், பஸ்ஸின் பின்னால் ஐந்தாறு வார்த்தைக்குத்தான் இடம். அந்த ஐந்தாறு வார்த்தையில் பெரிதாக ஒன்றைச் சொல்ல ஆசை வரும். "வாதத்தை விரட்டும்" என்று எழுதித் தரட்டுமா என்று டிசைன் செய்பவரே கேட்பார். 1954ஆம் ஆண்டு மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் சில நோய்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது. புற்றுநோய், நீரிழிவு, பக்கவாதத்தோடு முடக்குவாதமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். மூட்டு தேய்ந்துகொண்டிருக்கும் ஒருவர் அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போட்டால் அந்தப் பழி நம்மைத்தான் சேரும். சரி, நேர்மையாக "தசை வலிக்கு" என்று மட்டும் எழுதினால், ஊரில் இருக்கும் எல்லாத் தைலமும் அதைத்தான் சொல்கிறது.

அடுத்தது மருந்துக்கடை ஸ்கீம். பத்து பாட்டில் எடுத்தால் ஒன்று இலவசம், கூடுதல் மார்ஜின், கவுன்டரில் வைக்க ஒரு ஸ்டாண்டு. "இடுப்பு வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று வருபவரிடம் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் விற்கும், இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த மாதம் வேறொரு கம்பெனி பத்துக்கு இரண்டு என்று வந்தால் அவர் கை அங்கே போகும். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. எக்ஸ்பயரி ஆன சரக்கு ரிட்டர்ன் வரும்போது, விற்றது எவ்வளவு, அலமாரியில் தூங்கியது எவ்வளவு என்று புரியும். இந்த வழியை முழுக்க விடவில்லை, ஆனால் குறைத்துவிட்டோம்.

இனி பத்து மில்லி பாட்டில். அம்மாபேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கால் மாறி மாறி மிதியை அழுத்துகிறது, ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டுகிறது, இடுப்பு அசையாமல் நாள் முழுக்கக் குனிந்தபடி இருக்கிறது. சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் தரையில் உட்கார்ந்து வெள்ளியைப் பற்றவைத்து ஒட்டுபவருக்குக் கழுத்தும் முதுகும். ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குபவருக்குத் தோள். இவர்களுக்கு வலி அநேகமாக எல்லா நாளும் உண்டு, கூலியும் வாரக் கணக்குத்தான். பெயர் தெரியாத தைலத்துக்கு நூறு ரூபாயை ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். தறிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் இருபது ரூபாய்க்குத் தொங்கினால் வாங்கிப் பார்ப்பார்கள்.

தைலத்துக்கு ஒரு வசதி, தேய்த்த சில நிமிடத்திலேயே தெரிந்துவிடும். புதினா உப்பு தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, கற்பூரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் சூடு பரவுவது போல் இருக்கும், அந்த உணர்ச்சியில் வலி பின்னால் போகிறது. நோயை அது மாற்றுவதில்லை, ஆனால் அந்த நேரத்துக்கு ஆறுதல் உண்மையானது. அதனால் சாம்பிள் இங்கே வேலை செய்கிறது. இது பழைய வழிதான்: 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துத்தான் அதைப் பழக்கினார்.

மாத்திரை பிராண்டு வைத்திருப்பவர்கள் இந்த வழியைப் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. வலி மாத்திரையைத் தெருவில் கொடுத்துப் பழக்குவது சரியல்ல. பாரசிட்டமால், ஆஸ்பிரின் போன்றவற்றை லைசென்ஸ் இல்லாத கடை விற்கலாம் என்ற விலக்கும் ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமங்களுக்குத்தான். சித்த மருந்துக்கு விற்பனை லைசென்ஸ் தேவையில்லை என்பதால் எங்களுக்குப் பெட்டிக்கடை திறந்திருக்கிறது.

நான் முடிவெடுத்தது ஒரே ஒரு விஷயத்தை வைத்து: இரண்டாவது பாட்டில். முதல் பாட்டிலை விளம்பரமும் விற்கும், ஸ்கீமும் விற்கும். இரண்டாவதை வலி குறைந்த ஆள் தானாகக் கேட்டு வாங்க வேண்டும். ராத்திரி படுக்கும்முன் தோளுக்கும் இடுப்புக்கும் தேய்த்தால் பத்து மில்லி ஏறக்குறைய ஒரு வாரம் வரும். ஆகவே அடுத்த வாரமே பதில் கிடைத்துவிடுகிறது. நூறு மில்லி பாட்டில் அப்படியில்லை. வீடு முழுக்க, பக்கத்து வீட்டுப் பாட்டி வரைக்கும் சுற்றி, தீரும்போது எங்கே வாங்கினோம் என்பதே மறந்திருக்கும்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கடைகளில்தான் கற்றுக்கொண்டேன். எண்ணெய்க் கையோடு பிடிப்பதால் காகித லேபிள் மூன்று நான்கு நாளில் ஊறிப்போய் எழுத்து கலைந்துவிடுகிறது. பாட்டில் தீரும் நேரத்தில் அதில் பெயரே இல்லை! பெட்டிக்கடை அக்கா சொல்லித்தான் தெரியும்: "உங்க தைலத்தப் பேரு சொல்லி யாருங்க கேக்கறாங்க? பச்சை மூடி குடுன்னுதான் கேக்கறாங்க." அதன்பின் பிளாஸ்டிக் லேபிளுக்கு மாறினோம், மூடியிலும் பெயரை அழுத்தி அச்சிட்டோம், பச்சையை மட்டும் மாற்றவில்லை. பாட்டிலுக்குச் சில பைசா கூடியது. அந்தச் செலவைப் பஸ் விளம்பரத்துக்கான பணத்திலிருந்துதான் எடுத்தேன், அது சரியான இடத்துக்கே போனது.

நேரில் பேசுவதில் இன்னொரு நன்மை, எல்லையையும் சொல்ல முடிகிறது. "இது வாதத்துக்குக் கேக்குமாங்க?" என்று கேட்டால், "புடிச்சிருக்கற தோளுக்குக் கேக்கும் அக்கா. மூட்டு வீங்கிக் காலையில மடக்க முடியலைன்னா ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிடுங்க" என்று சொல்லிவிடலாம். புண்ணில் தடவாதீர்கள், தேய்த்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், கைக்குழந்தைக்கு மூக்கின் பக்கம் கொண்டு போகவே கூடாது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தேயுங்கள் என்பதையும் சொல்லலாம். சுவர் எழுத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

செலவு இல்லாமல் இல்லை. பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் பத்து மில்லிக்கும் ஐம்பது மில்லிக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. உள்ளே இருக்கும் தைலம்தான் மலிவு. லாபம் மெல்லியது. அதைவிடக் கடினம் லைன் போவது. ஒவ்வொரு வாரமும் அதே கடைகளுக்கு ஆள் போய்ச் சரக்கை நிரப்பி, பழைய பாக்கியை வசூலிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் அந்தக் கொக்கியில் வேறு பாட்டில் தொங்கும். அதற்கு ஆள் இல்லாதவர்கள் மருந்துக்கடை வழியிலேயே இருப்பது நல்லது.

ஏற்காட்டைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. அங்கே சுற்றுலா வருபவர்கள் நீலகிரித் தைலத்தோடு சேர்த்து எங்களுடையதையும் வாங்குகிறார்கள், ஆனால் அவர்களின் இரண்டாவது பாட்டிலை எந்தக் கடையில் தேடுவது? எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்களிடம் நன்றாகப் போகும் என்று தோன்றுகிறது. குளிருக்குச் சூடு தூக்கலாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு சிலர் கேட்டார்கள். பறிப்புப் பருவம் முழுக்க ஒரு முறை லைன் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இன்ஸ்டாகிராம் வீடியோக்களும் அண்ணன் மகள் கையில் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன, தீர்ப்புச் சொல்ல நாளாகும்.

பண்பலைக்கு மறுபடி பணம் போடுவதாக இருந்தால் அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி போல, தெருவுக்குத் தெரு பாட்டில் தொங்கும் இடங்களை நினைத்துத்தான் போடுவேன். பெயரைக் கேட்டவர் இறங்கிப் போய்க் கேட்க அங்கே ஒரு கடை இருக்கும்.