கவாகுச்சி, ஹகோனே, நிக்கோ: சாப்பாட்டுக்காகப் போவதென்றால் எது?

டோக்கியோவிலிருந்து மலைக்கும் ஏரிக்கும் ஓர் எட்டு போய்வர யார் யோசனை கேட்டாலும் இந்த மூன்று பெயர்கள்தான் முதலில் வரும். ஃபூஜி அடிவாரத்தில் கவாகுச்சி ஏரி, ஹகோனேயில் ஆஷி ஏரி, நிக்கோ ஊருக்கு மேலே சூசென்ஜி ஏரி. எங்கே படம் நன்றாக வரும் என்று ஏராளமாக எழுதியாயிற்று. சாப்பாட்டை வைத்துப் பார்த்தால் வரிசை மாறுகிறது. மதியம் மட்டும் சாப்பிட்டுத் திரும்புகிறீர்களா, இரவு தங்குகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதியம் மட்டும் என்றால் கவாகுச்சியோடு மற்ற இரண்டும் போட்டிக்கே வராது. காரணம் ஹோட்டோ. விரல் அகலத்துக்கு வெட்டிய தட்டையான கோதுமைப் பட்டைகளை மஞ்சள் பூசணி, சேம்பு, முட்டைக்கோஸ், காளானோடு மிசோ என்ற புளித்த சோயா விழுது கரைத்த சாற்றில் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்த இரும்புச் சட்டியோடே மேசைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டால் நாக்கு போச்சு. உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் மாவில் உப்பு உண்டு, அதனால் அதைத் தனியாக வேகவைத்து அலசுவார்கள். ஹோட்டோ மாவில் உப்பு சேர்ப்பதில்லை. பச்சையாகவே சாற்றில் இறங்குவதால் மாவு கரைந்து சாறு கெட்டியாகிறது, பூசணியும் பாதி கரைந்து இனிப்பைக் கொடுக்கிறது. நெல்லுக்குத் தோதான நிலம் குறைவாக இருந்த, கவாகுச்சியை உள்ளடக்கிய யாமனாஷி மலைநாட்டில் கோதுமை வயிற்றை நிரப்பிய கதை அந்தச் சட்டிக்குள் இருக்கிறது. விலை ஆயிரத்துச் சொச்சம் யென். ஒருவருக்கு ஒரு சட்டி என்று கணக்கு வைத்தாலும், சாதாரண வயிற்றுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

கவாகுச்சிகோ நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்னால் இருப்பது ஃபூஜியோஷிடா ஊரின் ஃபூஜிசான் நிலையம். அங்கே இறங்கினால் யோஷிடா உடோன். பல்லுக்கு வேலை கொடுக்கும் விறைப்பு, மேலே வேகவைத்த முட்டைக்கோஸ், இனிப்பும் உப்புமாக வேகவைத்த குதிரை இறைச்சி, மேசையில் சுரிடானே என்ற மிளகாய் விழுது. ஜப்பானில் காரம் தேடி அலைகிறவர்களுக்கு அந்த விழுது ஆறுதல். இது நெசவு ஊர். பெண்கள் தறியை விட்டு எழ முடியாததால் ஆண்கள் மாவு பிசைந்தார்கள், அதனால்தான் இந்த விறைப்பு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பல கடைகள் மதியம் இரண்டு மணி வாக்கிலேயே மூடிவிடும். ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் கிடைக்காது.

ஹகோனே நேர் எதிர். அங்கே தெருவில் கிடைப்பது சுமார்தான். ஓவாகுடானி எரிமலைப் பள்ளத்தாக்கின் கறுப்பு முட்டை பேர்போனது. வெந்நீர் ஊற்றின் இரும்பும் கந்தகமும் சேர்ந்து ஓட்டைக் கறுப்பாக்குகின்றன, ஒன்று தின்றால் ஆயுள் ஏழு வருஷம் கூடும் என்பார்கள். உரித்தால் உள்ளே சாதாரண அவித்த முட்டை. எரிமலை வாயு அதிகமானால் அந்த இடத்தையே மூடிவிடுவார்கள். 2015-இல் நடந்த சிறு வெடிப்புக்குப் பின் அது நீண்ட நாள் மூடித்தான் கிடந்தது. ஆஷி ஏரியின் வகாசகி பரவாயில்லை. விரல் நீளச் சிறுமீன், முள்ளோடு முழுசாகப் பொரித்துத் தருவார்கள். அக்டோபரில் முதல் பிடியை அரண்மனைக்கு அனுப்புவது அங்கே வழக்கம். ஆனால் அதே மீன் கவாகுச்சியிலும் உண்டு.

ஹகோனேயின் நல்ல சாப்பாடு ரியோகான் என்ற பாரம்பரிய விடுதிகளுக்குள் இருக்கிறது. குளித்துவிட்டு யுகாட்டா என்ற பருத்தி அங்கியோடு உட்கார்ந்தால் கிண்ணம் கிண்ணமாக வரும் கைசேகி விருந்து: பருவத்துக் காய், பக்கத்து ஒடவாரா கடற்கரை மீன், கடைசியில் சோறும் சூப்பும் ஊறுகாயும். இதற்காகவே ஓர் இரவுக் காசைக் கொடுக்கலாம். தங்காமல், சாப்பாட்டுக்காக மட்டும் ஹகோனே போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நிக்கோவில் ஒரு சிக்கல், ஊர் ஓரிடம், ஏரி ஓரிடம். ஏரி 1,269 மீட்டர் உயரத்தில். இரோஹா சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் ஏற இருபது, இறங்க இருபத்தெட்டு. இலை சிவக்கும் காலத்தில் பேருந்து நகரவே நகராது. ஏரிக்கரையில் உப்பிட்டுச் சுட்ட ஹிமேமாசு மீன் கிடைக்கும், மற்றபடி கடைகள் குறைவு. சாப்பிட வேண்டியது கீழே ஊரில், யூபா. சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை அது. கியோட்டோவில் ஓரத்தைப் பிடித்து ஒற்றைத் தாளாக எடுப்பார்கள். நிக்கோவில் நடுவில் குச்சி விட்டு இரண்டாக மடித்துத் தூக்குவதால் தடிமனாக இருக்கும். சுருட்டி வேகவைத்த யூபாவைக் கடித்தால் மடிப்புக்குள் இருந்து சாறு வடியும். மதியமோ இரவோ, சைவக்காரர்களுக்கு மூன்றில் இதுதான் தோது.

ஆனாலும் சைவக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும். மூன்று ஊரிலும் சாற்றின் அடித்தளம் மீன்தான். ஹோட்டோவில் பெரும்பாலும் காய்ந்த நெத்திலி வகை, மற்றவற்றில் கத்சுவோபுஷி. சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் கல்லாகக் காயவைத்துச் சீவுவது அது, நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. விடுதியில் ‘மீன் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் தட்டில் மீன் துண்டு வராது, சாறு அப்படியே வரலாம். முன்பதிவு செய்யும்போதே மீனில் எடுத்த டாஷியும் (அடிச்சாறு) கூடாது என்று எழுதிவிடுங்கள். கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷிட்டாகே காளானிலும் டாஷி எடுக்கும் கைப்பழக்கம் அங்கே உண்டு, கோயில் சமையலே அதில்தான் நடக்கிறது. கடைசி நேரத்தில் போய்க் கேட்டால்தான் கையை விரிப்பார்கள்.