ஐநேச்சுரலிஸ்ட் செயலி: தோப்புக் காளானுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயரை ஊகித்துச் சொல்லும், மற்ற பயனர்களும் பெயர் சொல்லும் செயலி ஐநேச்சுரலிஸ்ட். காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது, இப்போது லாப நோக்கமில்லாத அமைப்பின் கையில் இருக்கிறது. மரத்தோப்பில் எந்தக் காளான் எந்த மழைக்கு, எந்த மரத்தடியில் வந்தது என்று பதிந்துவைக்க அருமையான செயலி. ஆனால் சட்டியில் போடலாமா என்று மட்டும் இதனிடம் கேட்காதீர்கள்.

மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து அது பெரிதாக ஒன்றும் சொல்லாது. குடையின் மேல்புறம், அடிப்பக்க மடிப்பு, முழுத் தண்டு, நெடுக்காக அறுத்த பாதி என்று நான்கு படங்களாவது வேண்டும். நான்கையும் ஒரே பதிவில் ஏற்றுங்கள். தனித்தனியாகப் போட்டால் நான்கு காளான் என்று கணக்காகிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இடக்குறிப்பு இருக்காது, கையால்தான் குறிக்க வேண்டும். காளானைப் பிடுங்காமல் கத்தியால் மண்ணோடு நெம்பி எடுங்கள். பிடுங்கினால் தண்டடியில் இருக்கும் கிண்ணம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். உயிரைக் குடிக்கும் அமானிட்டா வகைகளுக்கு அந்தக் கிண்ணம்தான் பெரிய அடையாளம்.

செயலி சறுக்கும் இடம், கறையான் புற்றில் முளைக்கும், சமைத்துத் தின்னும் புற்றுக்காளான். புல்வெளியிலும் தோப்போரத்திலும் வரும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளானும் வெள்ளைக் குடைதான், இளசில் அதன் மடிப்பும் வெள்ளைதான். தண்டைச் சுற்றியுள்ள வளையத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது, சில புற்றுக்காளான்களுக்கும் அது உண்டு. பெரிய புற்றுக்காளானைத் தோண்டினால் தண்டு வேர்போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். நச்சுக்காளானின் அடி சற்றே பருத்து அங்கேயே முடிந்துவிடும். இதைப் படத்தில் காட்டாவிட்டால் செயலிக்கு எப்படித் தெரியும்?

சந்தேகம் இருந்தால் ஸ்போர் அச்சு, அதாவது மடிப்பிலிருந்து உதிரும் வித்துத்தூளின் தடம், எடுங்கள். தண்டை நறுக்கிவிட்டு, குடையைக் கண்ணாடித் துண்டின் மேல் மடிப்பு கீழே பார்க்கும்படி வைத்து, டம்ளரால் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பச்சைத் தூள் விழுந்திருந்தால் அது மோலிப்டைட்டிஸ். தின்றால் சில மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. அதற்காக இளஞ்சிவப்பெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது, நச்சுள்ள எண்டோலோமாவுக்கும் அதே நிறம்தான். அச்சையும் படமெடுத்து அதே பதிவில் சேர்த்துவிட்டால் பெயர் சொல்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பதிவின் மேல் வரும் ‘ரிசர்ச் கிரேடு’ (ஆய்வுத் தரம்) என்ற பச்சை முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். செயலி ஊகித்த பெயரை நீங்கள் தட்டி, இன்னொருவர் ஆமாம் போட்டாலே அது வந்துவிடும். மாறாக, இனம் வரை போகாமல் பேரினத்தோடு நின்றிருக்கும் பதிவு பல நேரம் நேர்மையானது. தென்னை அடியில் வரும் கானோடெர்மா காளான் அப்படித்தான், படத்தை மட்டும் வைத்து இனம் சொல்வது கடினம்.

புற்றுக்காளான் முளைக்கும் இடத்தைப் பதியும்போது இட அமைப்பை ‘மறைத்தது’ என்று மாற்றுங்கள். வரைபடத்தில் புள்ளி பக்கத்துக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உள்ள சதுரத்துக்குள் எங்கோ விழும். மாற்ற மறந்தால் அடுத்த மழைக்கு உங்களுக்கு முன்னால் வேறு யாராவது கூடையோடு நிற்பார்கள்.