குதிரைத்திறன் வேறு, இழுவை வேறு: பிக்கப்பும் பத்து சக்கர லாரியும்

நாமக்கல்லில் ஆறு ஆண்டுகளாகப் பிக்கப் ஓட்டுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கி அசோக் லேலண்ட் 2820 பத்து சக்கர லாரியும் எடுத்தேன். புதிதாக வண்டி எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை குதிரைத்திறன் அண்ணே?” என்பதுதான். அதை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

என் லாரிக்கு 200 குதிரைத்திறன். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பின் 1.9 லிட்டர் எஞ்சினுக்கே 163 உண்டு. எண்ணைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் லாரி லோடோடு 28 டன்! சூட்சுமம் முறுக்குவிசையில், அதாவது எஞ்சின் தன் தண்டைச் சுழற்றும் விசையில் (டார்க்) இருக்கிறது. வி-கிராஸுக்கு 360 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தொட்ட பிறகுதான். லாரிக்கு 700, 1,200 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. கியர் பெட்டியும் பின் ஹவுசிங்கும் (பின் அச்சில் உள்ள பல்சக்கரப் பெட்டி) அதைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. வேகம் குறையும், விசை கூடும். தொப்பூர் ஏற்றத்தில் முழு லோடோடு மாட்டுவண்டி போல ஊர்ந்தாலும் லாரி திணறுவதில்லை. வெப்பமானி முள் அசைவதில்லை.

என் பிக்கப்போ 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். ஒன்றரை டன் ஏற்றலாம். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் ஆண்டில் வாடகைக்கு ஆசைப்பட்டு இரண்டு டன் வரை ஏற்றினேன். ஒவ்வொரு வளைவிலும் அரை கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடி, நிறுத்தி எடுத்ததில் 30,000 கிலோமீட்டரில் கிளட்ச் தட்டு கருகிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. அளவோடு ஏற்றத் தொடங்கிய பிறகு அடுத்த தட்டு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாங்கிய நாளிலேயே இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைப்பதுண்டு.

சுமப்பதும் இழுப்பதும்கூட ஒன்றல்ல. ஒருமுறை கான்கிரீட் கலவை இயந்திரத்தைப் பின்னால் கட்டி மலைக்கு இழுத்துப் போனேன். ஏறும்போது பெரிய தொல்லை இல்லை. இறங்கும்போது அது பின்னாலிருந்து வண்டியை நெட்டித் தள்ளியது. அதற்கென்று தனி பிரேக் கிடையாது. மொத்த எடையையும் என் பிரேக்தான் தாங்கியது. அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனபோது அனல் அடித்தது. பிறகு அந்த வாடகையை ஏற்றுக்கொள்வதே இல்லை.

லாரியிலும் அதே கதைதான், எடைதான் பல மடங்கு. தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தில், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு பதறுகிறது. எஞ்சினின் பிடி அறுந்துவிட்டால் முழு எடையும் பிரேக்கின் மேல் விழுந்து, அதன் டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போகும். எத்தனை உயிர்கள் அந்தச் சாலையில் போய்விட்டன! ஏறிய அதே கியரில், புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினையே தடையாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டுத்தான் இறங்குகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.