ஏற்றத்தில் காத்திருக்க வைக்கும் டர்போ: மார்க் 2 உடன் நான்கு வருடங்கள்

என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு டொயோட்டா மார்க் 2. உள்ளே 1ஜேசட் ஜீடிஈ என்ஜின், 2491 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர். கம்பெனியிலிருந்து வரும்போது இரண்டு சின்ன டர்போ (புகையால் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இருக்கும். 2021இல் நான் வாங்கிய நேரம் முன்னைய சொந்தக்காரர் அவற்றைக் கழற்றிவிட்டு 67 மில்லிமீற்றர் ஒற்றை டர்போ ஒன்றை மாட்டியிருந்தார். கொழும்பில் டைனோவில், அதாவது வலுவை அளக்கும் இயந்திரத்தில், ஏற்றிய தாளும் கூடவே வந்தது: சக்கரத்தில் 510 குதிரைவலு.

தலவாக்கலைக்குக் கொண்டுவந்த பிறகு அந்த 510ஐ நான் அநேகமாகப் பார்க்கவே இல்லை. இறம்பொடையிலிருந்து லபுக்கலை வரை ஏறுகிறவர்களுக்கு அந்த வளைவுகள் தெரியும். கொண்டை ஊசியிலிருந்து இரண்டாம் கியரில் வெளியே வரும்போது 2600 ஆர்.பி.எம். (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் தடவை) இருக்கும். மிதித்தால் சத்தம் மட்டும் ஏறும். 4000இலும் ஒன்றும் இல்லை. 5000ஐத் தாண்டி முழு பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், வரும்போது அடுத்த வளைவு கண்ணெதிரே நிற்கும். பின்சக்கர ஓட்டம் என்பதால் நான் பயந்தது இந்த இடத்துக்குத்தான். நேராக இருக்கும்போது கேட்ட பலம் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கும்போது வந்து சேருகிறது. மழை நாளில், எதிரே கொழுந்து லொறி வருகிற நேரத்தில், பின்பக்கம் ஒருமுறை விலகியது. அன்றைக்கே முடிவெடுத்தேன்: குதிரைவலு குறைந்தாலும் பரவாயில்லை, கால் சொன்னதை வண்டி உடனே கேட்க வேண்டும்.

மலையில் இந்தத் தாமதம் ஏன் கூடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். பூஸ்ட் வரும்வரை 2.5 லீற்றர் என்ஜின் 2 லீற்றர் என்ஜின் போலத்தான் மூச்சு விடும். போதாததற்கு 8.5 என்ற குறைந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் விகிதம்) வேறு. உள்ளே போகும் காற்று குறைந்தால் வெளியே வரும் புகையும் குறையும். டர்போவைச் சுற்றுவது அந்தப் புகைதானே. இன்னொன்றும் உண்டு. கொழும்பில் பூஸ்ட் மீட்டரில் 1 பார் (அழுத்தத்தின் அலகு) காட்ட, டர்போ வெளிக்காற்றை 2 மடங்காக அழுத்தினால் போதும். நுவரெலியாவில் அதே 1 பாருக்கு ஏறக்குறைய 2.2 மடங்கு அழுத்த வேண்டும். கொழும்பில் 4600இல் வந்த 1 பார் இங்கே 5100இல் வந்தது. ஈசியூவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிவெடுத்து, மலையில் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே மூன்றாம் கியரில் பார்த்த கணக்கு இது.

2022 யூலையில் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்றானபோது வண்டி பெரும்பாலும் நின்றபடியே இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க அந்தக் காலம்தான் உதவியது.

முதலில் கிடைத்தது மிக மலிவான வெற்றி. ஹட்டனில் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் அண்ணன் ஒருவர் டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, டயர் கடை கம்ப்ரஸரிலிருந்து 20 பிஎஸ்ஐ காற்றை உள்ளே விட்டு, குழாய் முழுக்க சவர்க்காரத் தண்ணீர் தெளித்தார். அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் கீழ் றப்பர் இணைப்பில் நுரை பொங்கியது. திரொட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. "காத்து வருது தம்பி, ஆனா வர்ற வழியிலயே போயிருது" என்றார். இரண்டு றப்பரும் நான்கு கிளிப்பும் மாற்றியதில் 1 பார் 4850க்கு இறங்கியது. டர்போ மாற்றப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் யாரும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்தது வேஸ்ட்கேட்: பூஸ்ட் அளவு மீறாமல், புகையை டர்போவுக்குள் விடாமல் வெளியே விடும் கதவு. அதன் ஸ்பிரிங் 0.7 பாருக்கு என்று எழுதியிருந்தாலும் அதற்கு வெகு முன்பே கதவு இலேசாகத் திறக்க ஆரம்பிக்கும். டர்போ வேகமெடுக்கப் புகை மிகத் தேவைப்படும் நேரத்தில் அது பக்கவாட்டில் ஓடிவிடும். சொலனொயிட் (மின்சார வால்வு) போட்டு, இலக்குக்கு அருகே வரும்வரை கதவை இறுக மூடி வைக்கும்படி ஈசியூவில் அமைத்தோம். இன்னொரு 200 ஆர்.பி.எம். இலாபம். கடல் மட்டத்தில் போட்ட அமைப்பு இங்கே அப்படியே பொருந்தாது என்பதால் மலையிலேயே ஓட்டி ஓட்டித் திருத்த வேண்டியிருந்தது.

பெரிய மாற்றம் 2023இல் நடந்தது. 67ஐக் கழற்றிவிட்டு 58 மில்லிமீற்றர் கம்ப்ரஸர் கொண்ட காரெட் போல் பெயரிங் டர்போ, இரட்டைப் பாதை டர்பைன் (புகையால் சுற்றும் சக்கரம்) வீடு, அதற்கேற்ற பிரித்த மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்). ஆறு சிலிண்டர்காரர்களுக்கு இது இயற்கையே கொடுத்த வசதி. நம் என்ஜின் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வருகின்றன. 1, 2, 3இன் புகையை ஒரு பாதையிலும் 4, 5, 6இன் புகையை மறு பாதையிலும் விட்டால், ஒவ்வொரு பாதையிலும் 240 பாகைக்கு ஒரு துடிப்பு ஒழுங்காக வந்து டர்பைனை அறையும். ஆறையும் ஒரே துவாரத்துக்குள் தள்ளினால் ஒன்றின் புகை இன்னொன்றுக்குள் திரும்பி மோதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வேஸ்ட்கேட் வைத்தேன்; பொதுவாக ஒன்றை வைத்து நடுவில் இணைத்துவிட்டால் பிரித்ததன் பலன் பெரும்பாலும் போய்விடும். சிறிய சக்கரம் இலகுவானது என்பதால் சட்டென்று வேகமெடுக்கிறது. நுவரெலியாவில் 1 பார் இப்போது 3750இல். உச்சம் சக்கரத்தில் 430க்கு இறங்கியது. அந்த 80 குதிரைகளை நான் ஒருநாளும் தேடியதில்லை.

இன்டர்கூலர் குழாய்களைக் குட்டையாக்கியதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கணக்குப் போட்டாலும் அப்படித்தான்: 3000 ஆர்.பி.எம்.மில் இந்த என்ஜின் நொடிக்கு 60 லீற்றருக்கு மேல் காற்றை இழுக்கிறது, குழாயில் குறைத்தது 5 லீற்றர்கூட இல்லை. மாறாக, டிஃப் (பின் அச்சின் கியர்) விகிதத்தை 10 வீதம் கூட்டியதை ஒவ்வொரு வளைவிலும் உணர்கிறேன். 2600இல் சுற்றிய இடத்தில் இப்போது 2860. டர்போவைத் தொடாமலே கிடைத்த இலாபம் அது. நெடுஞ்சாலையில் கொஞ்சம் அதிகம் இரைகிறது, அவ்வளவுதான்.

டர்போவின் தாமதத்தைப் போக்கும் அன்டி-லேக் போடச் சொன்னவர்கள் உண்டு. வெடிப்பைத் தாமதப்படுத்தி மேனிஃபோல்டுக்குள் எரிய விடும் அந்த முறை பந்தயத்துக்கானது. டர்பைனும் வால்வும் அந்தச் சூட்டில் வேகும். லயத்தில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அந்த வெடிச் சத்தத்தோடு வீடு திரும்ப எனக்கு மனம் இல்லை.

நான்கு வருடத்தில் 31,000 கிலோமீற்றர். புதிய டர்போவில் அதில் பாதிக்கு மேல். தண்டில் ஆட்டம் இல்லை, எண்ணெய் கசிவு இல்லை. ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைப்பேன்; டர்போவைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்களையும் கட்டாயம் இணைத்திருக்கிறேன். 14,000 கிலோமீற்றரில் மேனிஃபோல்ட் ஒரு வெல்டிங்கில் வெடித்தது. டர்போவின் முழுப் பாரத்தையும் அது தனியே தாங்கியதுதான் காரணம். செய்தவரிடம் தாங்கி கேட்டிருந்தேன், தேவையில்லை என்றுவிட்டார். அதை ஒட்டிவிட்டு, என்ஜின் பிளொக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுத்த பிறகு பிரச்சினை இல்லை. மலையில் 95 ஒக்டேன் எல்லா நிலையத்திலும் கிடைக்காது; 92க்கு பூஸ்ட் குறைந்த இன்னொரு மெப் (ஈசியூ அமைப்பு) வைத்திருக்கிறேன். ஏற்றத்தில் லீற்றருக்கு ஐந்தரைக் கிலோமீற்றர்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் 1996க்குப் பிந்திய விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வசதி) கொண்ட 1ஜேசட்டைத் தேடுங்கள். டொயோட்டாவே இரட்டை டர்போவை விட்டு ஒற்றைக்கு வந்தது அதில்தான். அறிவித்த வலு அதே 280 பிஎஸ், ஆனால் உச்ச முறுக்குவிசை 4800இலிருந்து 2400 ஆர்.பி.எம்.முக்கு இறங்கியது. என் பழைய என்ஜின் தலையில் அந்த வசதி இல்லை. சித்திரைக்கு முன் அப்படி ஒரு என்ஜின் கண்டியில் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தால் இதே டர்போவை அதில் மாட்டி, அதே இடத்தில், அதே மூன்றாம் கியரில் மறுபடி பதிவெடுப்பேன்.